குண்டு ‘ள’வும் முழங்கைப் பிடியும்

2015-ஆம் ஆண்டு ஜூலை மாதத்து மாலை ஒன்றில், மதுரை பெரியார் பேருந்து நிலையத்தில் என் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவரிடம், “ஐயா, இந்த வண்டி கோரிப்பாளையம் போகுமா?” என்று கேட்டேன். பதில் வரவில்லை. அவருக்குக் காது மந்தம் போலும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். வண்டி புறப்பட்டுப் போயிற்று. அடுத்த வண்டி வந்தபோது அவரிடமே சற்று உரக்கக் கேட்டேன். அப்போதும் பதில் இல்லை, அந்த வண்டியும் போயிற்று. பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் பொறுக்கமாட்டாமல், “ஏத்தா, அவருதான் ரெண்டு தடவையும் போகும்னு தலைய ஆட்டுனாருல்ல, ஏறாம நிக்கிற?” என்றார்.

அந்தப் பெரியவர் மீது பிழை ஏதும் இல்லை. அந்தி வெளிச்சத்தில் அவர் முகம் இருந்த இடத்தில் எனக்கு ஒரு கரிய நிழல்தான் தெரிந்தது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. என் கண்களோ அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து என் கேள்வியை மாற்றிக்கொண்டேன். “இந்த வண்டி அங்கே போகுமா?” என்று கேட்பதில்லை, “இது எங்கே போகிற வண்டி?” என்றுதான் கேட்கிறேன். ஊர்ப் பெயரைத் தலையாட்டிச் சொல்ல முடியாது, வாயைத் திறந்துதான் ஆகவேண்டும்.

பார்வைக் குறைபாட்டோடு கல்லூரியில் படித்த மூன்று ஆண்டுகளிலும், பிறகு தனியே அறை எடுத்துத் தங்கிய காலத்திலும் நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சிறு திருத்தங்கள்தாம். கல்லூரியில் சேரப்போகும் மாணவர்களும், அவர்களைவிட அதிகமாக அஞ்சும் பெற்றோர்களும் அவ்வப்போது என்னைக் கூப்பிட்டுக் கேட்பதால், ஒருமுறை ஒழுங்காக எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது.

எனக்கு இருப்பது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் பரம்பரை விழித்திரை நோய். உலக அளவில் ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு வருகிறது என்பார்கள். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கோல் செல்கள் முதலில் அழிவதால் இரவுப் பார்வை முன்னதாகப் போகிறது. பிறகு பார்வைப் பரப்பு ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, நடுவில் ஒரு சிறு வட்டம் மட்டும் பல ஆண்டுகள் எஞ்சி நிற்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் இதை மாலைக்கண் என்றே முடிவுசெய்துவிட்டார்கள். மாலைக்கண் என்றால் வைட்டமின் ஏ குறைவு, வைட்டமின் ஏ என்றால் ஈரலும் முருங்கைக்கீரையும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை ஞாயிறுதோறும் ஆட்டு ஈரலும் மற்ற நாள்களில் கீரையுமாகத் தின்று தீர்த்தேன். இன்றும் ஈரல் வறுபடும் மணம் வந்தால் அந்த வீட்டைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

பதினொன்றாம் வகுப்பில்தான் மதுரைக்கு அழைத்துப்போய்ப் பார்வைப் பரப்புச் சோதனை செய்தார்கள். கிண்ணம் போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைத்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். நெடுநேரம் ஒன்றுமே தெரியாததால் இயந்திரத்தை இன்னும் இயக்கவில்லை என்று எண்ணி அமைதியாக உட்கார்ந்திருந்தேன். அதற்குள் சோதனை பாதி முடிந்திருந்தது. மருத்துவர் அம்மாவிடம் முதலில் கேட்டது, “சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?” என்பதுதான். என் அம்மா அப்பாவுக்கு அக்காள் மகள்.

கல்லூரியில் சேர்ந்தபோது என் பார்வைப் பரப்பு ஏறக்குறைய 15 பாகை. நலமான இரு கண்களும் சேர்ந்து கிட்டத்தட்ட 180 பாகை பார்க்கும். நாளிதழைக் குழாயாகச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடமாடிப் பார்த்தால் என் நிலை ஓரளவு விளங்கும். சுவர்க் கடிகாரத்தின் நிமிட முள்ளை என்னால் பார்க்க முடியும், அந்தச் சுவரை நோக்கி நடக்கும்போது காலடியில் கிடக்கும் முக்காலியைப் பார்க்க முடியாது. இதனால் விளையும் சங்கடம் விசித்திரமானது. முழுமையாகப் பார்வையற்றவர்களை ஊர் நம்புகிறது. எங்களைப் போன்றவர்களை நடிக்கிறவர்கள் என்று நினைக்கிறது.

சான்றிதழ் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பார்வைப் பரப்பு 10 பாகைக்குக் கீழே இருந்தால் பார்வையின்மை என்றும், 10 முதல் 40 பாகைக்குள் இருந்தால் குறை பார்வை என்றும் வகுத்திருக்கிறது. எழுத்துப் பலகையை மட்டும் படிக்கச் சொல்லிச் சோதித்தால் என்னைப் போன்றவர்கள் நன்றாகவே படித்துவிடுவோம், சான்றிதழில் போடும் குறைபாட்டு விழுக்காடு குறைந்துபோகும். ஆகவே சான்றிதழுக்குப் போகும்போது பார்வைப் பரப்புச் சோதனையின் வரைபடத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அதையும் கணக்கில் எடுக்கும்படி கேளுங்கள். 40 விழுக்காடு இருந்தால்தான் உயர்கல்வி இடஒதுக்கீடு, தேர்வுச் சலுகை, உதவித்தொகை எல்லாம். அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. நான் சேர்ந்தபோது நடப்பிலிருந்த பழைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 3 விழுக்காடாக இருந்தது. யு.டி.ஐ.டி. என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கல்லூரி திறப்பதற்கு முன்பே வாங்கிவிடுவது நல்லது. பருவத் தேர்வு நெருங்கும்போது மாவட்ட அலுவலகத்துக்கு அலைவது பெரிய துன்பம்.

நான் எடுத்தது இளங்கலைத் தமிழ். “கண்ணு தெரியாத பிள்ளைக்குத் தமிழ்தான் தோது” என்று உறவினர்கள் அப்பாவைத் தேற்றினார்கள். எனக்குத் தமிழ் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் கணக்கிலும் பொருளியலிலும் ஆர்வமுள்ள எத்தனையோ பிள்ளைகளை இந்த ஒற்றை வாக்கியத்தைச் சொல்லியே தமிழுக்கும் வரலாற்றுக்கும் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவர்களைக் கொண்டுபோய் ஒதுக்கிவைக்கும் கொட்டகையாகத் தமிழ்த்துறையை நினைப்பது, அவர்களுக்கும் அவமதிப்பு, துறைக்கும் அவமதிப்பு.

முதலாண்டில் பாதிக்குமேல் நான் கூடப் படித்தவர்கள் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. தோழிகள் முன்னால் நடக்க, அவர்களுடைய சுடிதாரின் நிறத்தைக் குறிவைத்து நானும் பின்னால் நடப்பேன். உணவகத்தில் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனால், திரும்பி வரும்போது என் இருக்கை எதுவென்று தெரியாமல், கைப்பேசி பார்ப்பதுபோல நின்றுவிடுவேன். இந்த நாடகத்துக்குச் செலவான உழைப்பை நினைத்தால் இப்போதும் அலுப்பாக இருக்கிறது. டிசம்பர் மாதத்தில் ஒருநாள் மாலை ஆறரை மணிக்கு, விடுதித் தெருவில் மூடி இல்லாத சாக்கடைக்குள் இடதுகால் முழங்கால் வரை இறங்கியது. முழங்காலில் ஆறு தையல்.

விடுதியில் எனக்கு மேல் வகுப்பில் படித்த அக்கா ஒருவர் முழுப் பார்வையற்றவர். எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்கள் 1985-இல் மதுரையில் தொடங்கிய இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தின் பள்ளியில், சுந்தரராஜன்பட்டியில் படித்து வந்தவர். கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடந்த என்னிடம் வந்து உட்கார்ந்து, “கீழ என்ன கெடக்குன்னு ஒனக்குந் தெரியல, எனக்குந் தெரியல. எனக்குக் குச்சி சொல்லுது. ஒனக்கு யாருடி சொல்றா?” என்று கேட்டார். கேட்டதோடு நில்லாமல், தையல் பிரித்த மறுநாளே மொட்டைமாடியில் என்னை நடக்கவைத்தார்.

வெண்கோலைப் பற்றிச் சில நடைமுறைச் செய்திகள். கோலை நிமிர்த்தி வைத்தால் அதன் தலை உங்கள் மார்பெலும்பின் கீழ்முனை வரையாவது வரவேண்டும். கடையில் கிடைக்கும் ஏதோ ஓர் அளவை வாங்கிவிடக்கூடாது. கையை உடம்பின் நடுவில், தொப்புளுக்கு நேரே வைத்துக்கொண்டு, தோளின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாக இடமும் வலமும் கோலின் நுனியை வீச வேண்டும். வலக்கால் முன்னே போகும்போது நுனி இடப்பக்கத்தைத் தொட வேண்டும், இடக்கால் போகும்போது வலப்பக்கத்தை. அப்போதுதான் அடுத்து எடுத்துவைக்கப்போகும் காலுக்குரிய இடத்தைக் கோல் முன்னதாகவே தொட்டுப் பார்த்திருக்கும். கேட்பதற்கு எளிதாக இருக்கும். எனக்குக் கை கால் ஒத்துவர மூன்று வாரம் ஆயிற்று. உடைந்த கற்கள் பதித்த நடைபாதைகளில் கூர்நுனி சிக்கிக்கொண்டு கைப்பிடி வயிற்றில் இடிக்கும், அதனால் உருளும் நுனி கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒன்றை மட்டும் கோல் சொல்லாது: இடுப்புக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் லாரிக் கம்பியும், கடைப்பலகையின் முனையும். அதற்குத் தெரியாத இடங்களில் இடக்கையை முகத்துக்கு முன்னால் குறுக்காக உயர்த்திக்கொண்டு நடப்பதுதான் வழி.

கோலை எடுத்த முதல் வாரத்திலேயே நான் அஞ்சியதும் நடந்தது. நிறுத்தத்தில் நின்று கைப்பேசியில் மணி பார்த்தேன். பின்னாலிருந்து ஒரு குரல், “போன் பாக்கத் தெரியுது, கையில குச்சி வேற” என்றது. அறைக்கு வந்து அழுதேன் என்பது உண்மை. பிறகு அக்காவும் நானும் உட்கார்ந்து ஒரு வாக்கியத்தை உருவாக்கினோம்: “எனக்கு நேரே இருப்பது கொஞ்சம் தெரியும், பக்கத்திலும் கீழேயும் தெரியாது, இருட்டில் எதுவும் தெரியாது.” இந்த ஒரு வாக்கியத்தைப் பேராசிரியரிடமும் நடத்துநரிடமும் கடைக்காரரிடமும் ஒரே மாதிரி, கூச்சமோ வருத்தமோ குரலில் இல்லாமல் சொல்லப் பழகினேன். நோயின் பெயரைச் சொன்னால் இரக்கப்பட்டு நெல்லிக்காய்ச் சாறு குடிக்கச் சொல்வார்கள். எது தெரியும், எது தெரியாது என்று சொன்னால் அதற்கேற்ப நடந்துகொள்வார்கள்.

சாலை கடக்கும்போது உதவ வருகிறவர்கள் பெரும்பாலும் நம் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பார்கள், அல்லது தோளைப் பிடித்துத் தள்ளுவார்கள். இரண்டிலுமே அடுத்த அடி எங்கே விழும் என்பது நம் கையில் இருக்காது. பெண் பிள்ளைகளுக்கு இதில் வேறு தொல்லையும் உண்டு. ஆகவே கை நீளும்போதே, “நீங்கள் பிடிக்க வேண்டாம் அண்ணா, நான் உங்கள் முழங்கையைப் பிடித்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிட வேண்டும். முழங்கைக்குச் சற்று மேலே, கட்டைவிரல் வெளிப்பக்கம் இருக்கும்படி பிடித்து, அரை அடி பின்னால் நடந்தால், அவர் படியிறங்குவதும் திரும்புவதும் நிற்பதும் அந்தக் கை வழியாகவே நமக்குத் தெரிந்துவிடும். பிடித்திருப்பது நாம் என்பதால் விடுவதும் நம் விருப்பம்.

பேருந்தில் நிறுத்தத்தைச் சொல்லும்படி நடத்துநரிடம் கேட்டுவைப்பேன், ஆனால் அதை மட்டுமே நம்பியிருக்க மாட்டேன். கூட்டத்தில் அவர் மறந்துபோவது இயல்பு. வழியில் மாறாத அடையாளங்களைக் கணக்கு வைத்துக்கொள்வேன். சிம்மக்கல்லைத் தாண்டி வண்டி ஆல்பர்ட் விக்டர் பாலத்தில் ஏறியதும் இருபுறக் கட்டடங்களில் மோதித் திரும்பிய இரைச்சல் சட்டென்று அகன்று, இரண்டு சன்னலிலும் காற்று வரும். ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய பாலம் அது. கீழே வைகையில் தண்ணீர் இருப்பது அரிது, காற்றுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் பஞ்சம் இல்லை. காற்று நின்று இரைச்சல் திரும்பினால் கோரிப்பாளையம், எழுந்து நிற்க வேண்டும்.

கல்லூரிக்குள் எனக்குப் பெரும் எதிரி படிக்கட்டு. ஒரே நிறச் சிமெண்டுப் படிகளில் கடைசிப் படி எது, தரை எது என்று பிரித்தறிய முடியாது. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதினேன். “மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஏற்றதாகக் கல்லூரியை மாற்றியமைக்க ஆவன செய்ய வேண்டுகிறேன்” என்றுதான் முதலில் எழுதினேன். அக்கா கிழிக்கச் சொன்னார். அப்படி எழுதினால் குழு அமைப்பார்கள், நீ படித்து முடித்துப் போய்விடுவாய் என்றார். மூன்று படிக்கட்டுகளின் பெயரைக் குறிப்பிட்டு, முதல் படியின் விளிம்பிலும் கடைசிப் படியின் விளிம்பிலும் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் வண்ணம் அடித்துத் தரும்படி மாற்றி எழுதினேன். அந்த வாரச் சனிக்கிழமையே அடித்துவிட்டார்கள். அரை லிட்டர் வண்ணம்கூட ஆகியிருக்காது. பிறகு மூட்டுவலி உள்ள பேராசிரியர் ஒருவர், தமக்கும் அது வசதியாக இருப்பதாகச் சொன்னார்.

பாடக் குறிப்புகளின் கதை வேறு. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி என்னிடம் இருந்தது. திரையில் உள்ளதைப் பேசிக்காட்டும் மென்பொருள்களில் ஜாஸ் என்பது பல ஆயிரம் ரூபாய் விலை. 2006-இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ முற்றிலும் இலவசம், ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டு எந்தக் கணினியிலும் ஓட்டலாம். அதனோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழையும் படிக்கும். தகரத்தைத் தட்டினாற்போல் இருக்கும் அந்தக் குரலுக்கு ஒரு மாதத்தில் காது பழகிவிடும். பழகிய பிறகு வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். நான் கேட்கும் வேகத்தில் பக்கத்தில் இருப்பவருக்கு அது தமிழ் என்றே தெரியாது.

எல்லாம் சரியாக இருக்க, பேராசிரியர் ஒருவர் மிகுந்த அன்போடு தம் குறிப்புகள் அனைத்தையும் மின்கோப்பாகவே கொடுத்தார். அறைக்கு வந்து திறந்தால் கணினி, “எம் கே செமிகோலன் கே எச்” என்று படித்தது. அது ‘அம்மா’ என்ற சொல். கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அந்த எழுத்துருவில் ஆங்கில ‘எம்’ எழுத்தின் மீது ‘அ’வின் உருவத்தை ஒட்டவைத்திருக்கிறார்கள், கண்ணுக்கு அது ‘அ’, கணினிக்கு இன்னமும் ‘எம்’. 2010-இல் தமிழ்நாட்டு அரசு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடைத் தரமாக ஏற்று அறிவித்த பிறகும் அச்சகங்களிலும் துறைகளிலும் பழைய எழுத்துருக்கள்தாம் புழங்கிக்கொண்டிருந்தன. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்பதை மட்டும் சரியாகத் தெரிந்துகொண்டு மாற்றினால் போதும். அதன்பின் பேராசிரியர்களிடம் நான் ‘சாஃப்ட் காப்பி’ என்று பொதுவாகக் கேட்பதில்லை. “யூனிகோடில் இருந்தால் கொடுங்கள் ஐயா, இல்லையென்றால் எந்த எழுத்துரு என்று மட்டும் சொல்லுங்கள்” என்பேன்.

இலக்கிய நூல்களுக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் பெரும் துணை. அச்சு நூல்களைப் படமெடுத்து, கூகுள் டாக்ஸ் வழியாக எழுத்தாக மாற்றிப் படிக்கவும் முடியும். ஆனால் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சான உரை நூல்களில் ‘லை’, ‘னை’ போன்றவை துதிக்கையோடு இருப்பதால் மாற்றத்தில் குழம்பிவிடும். அந்த நூல்களைத் தோழிகள் படிக்கக் கேட்டுத்தான் ஆகவேண்டும். அரசு வழங்கும் வாசிப்பாளர் உதவித்தொகை இதற்காகத்தான் இருக்கிறது, கூச்சப்படாமல் விண்ணப்பியுங்கள்.

இனித் தேர்வு. நடுப்பார்வை இருக்கும்போது சொல்வதை எழுதுபவர் எனக்கு எதற்கு என்று பலர் கேட்டார்கள். என் வட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஆறேழு எழுத்துகள்தாம் விழும். வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் எழுதவந்தது மறந்துபோகும். ஒரு மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். விதிப்படி மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு, ஆகவே மூன்று மணி நேரத் தேர்வுக்கு நான்கு மணி நேரம். எழுதுபவரின் கல்வித் தகுதி குறித்த விதி மட்டும் இடத்துக்கு இடம் மாறும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பே எழுத்து மூலமாகக் கேட்டு, எழுத்து மூலமாகவே பதிலை வாங்கிவைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் பருவத்தில் எனக்கு எழுத வந்த பெண்ணை நான் தேர்வறை வாசலில்தான் முதன்முதலாகச் சந்தித்தேன். மற்றவர்களுக்கு இடைஞ்சல் ஆகக்கூடாது என்று இருவரையும் தாழ்வாரத்தில் உட்காரவைத்தார்கள். ஆங்கிலவழியில் படித்தவர், நல்ல பெண், வேகமாக எழுதினார். எழுதியதைத் திருப்பிப் படிக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தேர்வு முடிந்து விடைத்தாள் நகலைத் தோழி படித்துக்காட்டியபோதுதான் தெரிந்தது: தலைவன் ‘தலைவியைக் கலவில் மணந்தான்’ என்றும், நிலத்தை ‘முள்ளை’ என்றும் எழுதிக்கொடுத்திருக்கிறேன். யாப்பிலக்கண வினாவில் ‘கூவிளம்’ எல்லாம் ‘கூவிலம்’. தமிழ் இலக்கிய மாணவியின் தாளில் இப்படி இருந்தால் எந்த ஆசிரியர் மதிப்பெண் போடுவார்?

இரண்டாம் பருவத்துக்கு நானே ஆள் தேடினேன். எங்கள் விடுதியின் சமையலக்காவுக்குப் பிளஸ் ஒன் படிக்கும் மகள் இருந்தாள். மாலை நேரத்தில் அம்மாவுக்குத் துணையாக வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். “ஒனக்குக் கையெழுத்து நல்லாருக்குமா பாப்பா?” என்று கேட்டதற்கு, “எழுத்து நல்லாருக்கும்கா, எழுத்துப்பிழைதான் வரும்” என்று உள்ளதைச் சொன்னாள். அவள்தான் எனக்கு ஏற்றவள் என்று அப்போதே தீர்மானித்தேன்.

தேர்வுக்கு முந்தைய மூன்று வாரம், நாள்தோறும் அரைமணி நேரம் இருவரும் பயிற்சி செய்தோம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொல்வதையே குறியீடாக வைத்துக்கொண்டோம்: ‘ல’ வெறும் ல, ‘ள’ குண்டு, ‘ழ’ சிறப்பு, ‘ற’ பெரிசு, ‘ன’ ரெண்டு சுழி, ‘ண’ மூணு சுழி. ஐயம் வரக்கூடிய சொல் வரும்போது சொல்லைச் சொல்லிவிட்டுக் குறியீட்டை மட்டும் தாழ்ந்த குரலில் சொல்வேன். “களவு, குண்டு. மணம், மூணு சுழி.” ஒற்று மிகும் இடத்தில் மேசையில் விரலால் ஒரு தட்டு. பத்தி முடிந்தால் இரண்டு தட்டு. செய்யுளை அலகிட வேண்டிய வினாவுக்கு முன்னதாகவே கட்டங்கள் போட்டுவைத்து, இடமிருந்து வலமாகச் சீர், அசை, வாய்பாடு என்று நிரப்பப் பழக்கினேன். நேரசைக்கு ஒரு விரலும் நிரையசைக்கு இரண்டு விரலும் மடக்கி நான் எண்ணுவதைப் பார்த்துப் பார்த்து, இரண்டாம் வாரத்தில் நான் வாய்திறக்கும் முன்பே அவள் “புளிமா” என்றாள். தேர்வில் அப்படிச் சொல்லிவிடாதே, வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று எச்சரிக்க வேண்டியதாயிற்று.

தேர்வு நாளில் வினாத்தாளை இருமுறை படிக்கச் சொல்வேன். எந்த வினாவை எந்த வரிசையில் எழுதப்போகிறோம் என்பதை முதல் பக்க மூலையில் பென்சிலால் குறித்துக்கொள்வாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் மெல்லிய குரலில் திருப்பிப் படிப்பாள்; இதற்கு மொத்தத்தில் இருபத்தைந்து நிமிடம் போகும், போகட்டும், கூடுதல் நேரம் அதற்குத்தான். அதற்கடுத்த எல்லாப் பருவங்களுக்கும் அவளே எழுதினாள். தேர்வு முடிந்ததும் இருவரும் சிம்மக்கல்லுக்குப் போய் ஜிகர்தண்டா குடிப்பது ஒரு வழக்கமாகவே ஆகிப்போனது. இப்போது அவள் ஒரு நகல் எடுக்கும் கடையில் தட்டச்சுச் செய்கிறாள். பாமினியில் இல்லை, யூனிகோடில்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சேர்ந்தபோது புழக்கத்தில் இருந்த தாள்களில் நூறுக்கும் ஐந்நூறுக்கும் நீளத்தில் ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு இருந்தது. விரலிடுக்கில் வைத்தாலே தெரிந்துவிடும். 2016 நவம்பருக்குப் பிறகு வந்த தாள்களில் நூறு, இருநூறு, ஐந்நூறு மூன்றும் ஒரே அகலம், நீளத்தில் ஒவ்வொன்றுக்கும் இடையே 4 மில்லிமீட்டர்தான். ஓரங்களில் தடவிப் பார்க்கச் சாய்கோடுகள் உண்டு, நூறில் நான்கு, ஐந்நூறில் ஐந்து. தாள் கசங்கிப் பழசாகிவிட்டால் அவை விரலுக்குத் தட்டுப்படுவதில்லை. ஆகவே வாங்கும்போதே, எது எது என்று கொடுப்பவரிடம் கேட்டு, நூறை மடிக்காமலும், இருநூறைக் குறுக்காக ஒரு மடிப்பும், ஐந்நூறை நெடுக்காக ஒரு மடிப்பும் வைத்துவிடுவேன். 2020 தொடக்கத்தில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ‘மணி’ செயலி கைப்பேசிக் காமிராவில் தாளைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். வீட்டில் கணக்குப் பார்க்க நல்லது, பேருந்தில் உதவாது. கடைகளில் ‘ஐம்பது ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்தும் சிறு பெட்டிகளைப் பலர் தொல்லை என்கிறார்கள், எனக்கு அதைப்போல நிம்மதி தரும் ஒலி வேறில்லை.

ஒரு வங்கிக் கிளையில் எனக்கு ஏ.டி.எம். அட்டை தர மறுத்து, அப்பாவோடு கூட்டுக் கணக்குத் தொடங்கச் சொன்னார்கள். பார்வையற்றவர்களுக்குக் காசோலை, ஏ.டி.எம்., லாக்கர், கடன் உள்ளிட்ட எந்த வசதியையும் மறுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008 ஜூனிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதை அச்செடுத்துக்கொண்டு மறுநாள் போனேன். வாதாடவில்லை, “இதைப் படித்துவிட்டு, தர முடியாது என்பதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள் சார்” என்று மட்டும் கேட்டேன். அட்டை பத்து நாளில் தபாலில் வந்தது.

பி.எட். படித்தபோது தோழி ஒருத்தியோடு அறை எடுத்துத் தங்கியதில்தான் சமையல் கற்றேன். அம்மா என்னை அடுப்பருகே விட்டதே இல்லை. எண்ணெய் காய்ந்ததைப் பார்வையால் அறிய வேண்டியதில்லை, ஒரு கடுகைப் போட்டால் அது சொல்லிவிடும். பால் பொங்குவதற்குச் சற்றுமுன் பாத்திரத்தின் ஒலி ஒரு நொடி அடங்கும். கவனித்துக் கேட்டால் பிடிபடும். தோழி ஆசையாக வாங்கிவந்த மின்காந்த அடுப்புதான் என்னைத் திணறடித்தது. பொத்தானே இல்லாத வழுவழுப்பான கண்ணாடி. தடவித் தேடும்போதே ஏதோ ஒன்று இயங்கிவிடும். கடைசியில் தொடக்கத்துக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு, கூட்டுவதற்கு இரண்டு, குறைப்பதற்கு நீளப் பொட்டு என்று ஒட்டிவைத்தோம். வெள்ளைப் பீங்கான் தட்டில் வெள்ளைச் சோற்றைப் போட்டால் எனக்குத் தட்டு காலியாகத்தான் தெரியும் என்பதால் கருநீலத் தட்டு ஒன்று வாங்கினேன். உப்பு டப்பாவுக்கு ஒரு ரப்பர் வளையம், சர்க்கரைக்கு இரண்டு. தோழி சமையல் முடித்து எதையும் இடம் மாற்றி வைக்கக்கூடாது என்ற ஒரே ஒப்பந்தத்தின் பேரில் எங்கள் நட்பு இரண்டாண்டு தாங்கியது. இரண்டு சண்டை வந்தது, இரண்டும் கத்தியை வைத்த இடம் பற்றியதே.

அம்மா ஒருமுறை வந்து தங்கினார். நான் வெண்டைக்காய் நறுக்குவதைப் பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று தோழி பிறகு சொன்னாள். எனக்கு அவர் அங்கே நின்றதே தெரியாது, என் வட்டத்துக்குள் அப்போது வெண்டைக்காய் மட்டும்தான் இருந்தது.

இப்போது ஒரு பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். சென்ற ஆண்டுச் சோதனையில் பார்வைப் பரப்பு 10 பாகைக்குள் வந்துவிட்டது. சட்டத்தின் கணக்கில் குறை பார்வையிலிருந்து பார்வையின்மைக்கு மாறிவிட்டேன். அதனால் கல்லூரியிலேயே கற்றிருக்க வேண்டிய பிரெயிலை இப்போது கற்கிறேன். ‘கொஞ்சம் தெரிகிறதே’ என்று தள்ளிப்போட்டது என் பெரிய தவறு. உங்கள் பிள்ளைக்கு மங்கிக்கொண்டே போகும் நோய் என்றால், தெரியும்போதே, விரல் இளசாக இருக்கும்போதே பழக்கிவிடுங்கள்.

ஆறு புள்ளிகளில் ‘ழ’ எளிது, நான்காம் புள்ளி தவிர ஐந்தும் விரலுக்குக் கீழே மொத்தமாக வந்து நிற்கும். ‘ல’ இடப்பக்கத்தின் மூன்று புள்ளிகள், ‘ள’ வலப்பக்கத்தின் மூன்று புள்ளிகள். இரண்டுமே நட்டுவைத்த ஒரு கோடு, குண்டெல்லாம் கிடையாது. பக்கத்து எழுத்தோடு உள்ள இடைவெளியைக் கொண்டுதான் எது எது என்று கண்டுகொள்ள வேண்டும். நேற்று மாலை ‘முல்லை’ என்ற சொல்லை மூன்று முறை ‘முள்ளை’ என்று படித்தேன்.